டொமைன் பெயருக்கு வியாபாரக் குறி எடுத்தால் அது காக்கப்படுமா? மருதமுனைக் கேள்வியொன்றுக்கு விரிவான பதில்

கிழக்கிலங்கையின் மருதமுனையிலிருந்து கைத்தறிச் சாரி விற்கும் நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கேள்விதான்: ஊர்ப் பெயரையும் 'சாரீஸ்' என்ற சொல்லையும் சேர்த்து 2021 இல் வாங்கிய டொட் கொம் டொமைன் பெயரை, அதாவது இணையத்தள முகவரியை, வியாபாரக் குறியாக (ட்ரேட் மார்க்) பதிவு செய்தால் அது வேறொருவர் கைக்குப் போகாமல் இருக்குமா என்பது. ஆனால் கேள்வியின் நடுவில், சென்ற ஆண்டு யாரோ ஒருவர் அதே பெயரை இலங்கைக்குரிய முகவரி முடிவான டொட் எல்கேயில் (.lk) எடுத்து அதே சரக்கை விற்கத் தொடங்கியிருக்கிறார் என்றும் ஒரு வரி இருக்கிறது. ஆகவே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, கையில் இருக்கும் பெயரை எப்படிக் காப்பது என்பதை விட, எதிரில் இருப்பவரை அந்தப் பெயரிலிருந்து எப்படி விலக்குவது என்பதே என்று நான் விளங்கிக்கொள்கிறேன். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் பல வருடங்களாகச் சட்டத்தரணியாக வேலை செய்து, சிறு வியாபாரிகளின் வியாபாரக் குறி விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுத்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். சட்டம் தெளிவாகச் சொல்வதையும், நீதிமன்றத்தில் எப்பக்கமும் சாயக்கூடியதையும் ஒன்றாகக் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாதது. டொமைன் பெயர் என்பது நீங்கள் ஒரு பதிவு நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கிடைத்த பயன்பாட்டு உரிமை. ஆண்டுக் கட்டணம் கட்டும் வரையிலும் அதன் நிபந்தனைகளை மீறாத வரையிலும் அது உங்களுடையது. வியாபாரக் குறி என்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட பொருட்களுக்கோ சேவைகளுக்கோ ஒரு பெயரை அல்லது அடையாளத்தைப் பயன்படுத்த இலங்கைக்குள் உங்களுக்கு மட்டும் தரப்படும் உரிமை. கடைக்கு வாடகை உடன்படிக்கை எழுதிக்கொண்டதால் பெயர்ப் பலகையில் உள்ள பெயர் சொந்தமாகிவிடாது. அந்தப் பெயர் சொந்தமாக இருந்தாலும் வாடகை கட்டாவிட்டால் கடையைக் காலி செய்யத்தான் வேண்டும். வியாபாரக் குறிச் சான்றிதழ் கையில் இருந்தும் டொமைனைப் புதுப்பிக்க மறந்து அதை இழந்தவர்கள் இருக்கிறார்கள். டொமைன் பல ஆண்டு தங்கள் பெயரில் இருந்தும், அதே பெயரை இன்னொருவர் முதலில் வியாபாரக் குறியாகப் பதிந்துவிட்டதால் பெயரையே மாற்ற வேண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

இதோடு மூன்றாவது காகிதம் ஒன்றும் நம் பகுதியில் அடிக்கடி குழப்பத்தைத் தருகிறது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்து, அந்தச் சான்றிதழைச் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்களில் பெரும்பாலானோர், அந்தப் பெயரை வேறு எவரும் தொட முடியாது என்று நம்புகிறார்கள். அந்தப் பதிவு, இன்ன பெயரில் இன்னார் வியாபாரம் செய்கிறார் என்பதை அரசுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு மட்டுமே. வங்கிக் கணக்கு திறக்க அது வேண்டும், பெயர் மீது தனியுரிமை அதனால் வராது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனியாகப் பதிந்தாலும், அதே பெயரில் இன்னொரு கம்பனி பதியப்படுவதை அது தடுக்குமே தவிர, சந்தையில் சாரியின் மீது அந்தப் பெயரை ஒட்டி விற்பவரைத் தடுக்க வியாபாரக் குறிக்குள்ள பலம் அதற்குக் கிடையாது. இருந்தாலும் அந்தச் சான்றிதழை ஒதுக்கிவிடாதீர்கள். எந்தத் திகதியிலிருந்து அந்தப் பெயரில் வியாபாரம் செய்கிறீர்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

இனி உங்கள் பெயருக்கு வருகிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் மிக முக்கியமான கேள்வி இதுதான்: அந்தப் பெயர் வியாபாரக் குறியாகக்கூடிய பெயர்தானா? சட்டத்தின் 103 ஆம் பிரிவு, ஒரு பொருளின் வகை, தரம், அளவு, நோக்கம், பெறுமதி, தோன்றிய இடம் ஆகியவற்றை மட்டுமே குறிக்கும் சொற்களைப் பதிவு செய்ய இடம் தருவதில்லை. மருதமுனை என்பது இடத்தின் பெயர், அதிலும் கைத்தறிக்காகவே நாடெங்கும் அறியப்பட்ட இடத்தின் பெயர். சாரீஸ் என்பது பொருளின் பெயர். இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது 'மருதமுனையில் நெய்த சாரி' என்ற செய்தியே. அது உங்கள் தறியையும் குறிக்கும், அடுத்த ஒழுங்கையில் உள்ளவரின் தறியையும் குறிக்கும். அந்தச் சொற்களை ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்ற நெசவாளர் தம் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாமல் போகும் என்பதால்தான் சட்டம் மறுக்கிறது. இந்த மறுப்பு நியாயமானது என்பது என் கருத்தும்கூட.

டொட் கொம் என்ற வாலைச் சேர்த்தால் பெயர் தனித்துவம் பெற்றுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாக விண்ணப்பங்களை ஆராயும் பரிசோதகர்கள் அந்த வாலைக் கணக்கில் எடுப்பதில்லை. இணைய முகவரி என்றால் ஏதோ ஒரு வால் இருந்தே தீரும், அது எந்தக் கடையையும் அடையாளம் காட்டுவதில்லை. இதற்கு எதிராக அமெரிக்காவின் புக்கிங் டொட் கொம் வழக்கைக் காட்டுவார்கள். 2020 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொதுச் சொல்லுடன் டொட் கொம் சேர்ந்தால் அது எப்போதும் பொதுப்பெயரே என்று ஒரு பொது விதியை வகுக்க முடியாது, நுகர்வோர் அந்தப் பெயரை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அது அமெரிக்கச் சட்டம். மேலும், உலகமே அறிந்த ஒரு நிறுவனம் மக்கள் கருத்தாய்வு உட்பட நிறையச் சாட்சியங்களைக் கொண்டுவந்து வென்ற வழக்கு. நம் சட்டத்திலும் அதற்கு ஒத்த கதவு ஒன்று உண்டு: குறி எவ்வளவு காலம் பயன்பாட்டில் இருந்திருக்கிறது, வியாபார வட்டாரத்தில் அது தனித்துவமானதாகக் கருதப்படுகிறதா என்பவற்றைப் பதிவு அதிகாரி கவனத்தில் எடுக்க வேண்டும். ஒரு சில வருட முகநூல் விற்பனையை வைத்து அந்தக் கதவைத் தட்டுவது கடினம் என்பதே என் மதிப்பீடு.

இந்த இடத்தில் ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பெயர் தனியே பதிவாகாது என்று தெரிந்ததும், ஒரு தறியின் படத்தையோ மயில் உருவத்தையோ வரைந்து, அதன் கீழ் பெயரை எழுதி, முழுவதையும் ஒரு சின்னமாக விண்ணப்பிக்கச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அது பதிவாகவும் கூடும். ஆனால் அப்படிப் பதியும்போது, அதில் உள்ள விவரிப்புச் சொற்களுக்குத் தனியுரிமை இல்லை என்ற நிபந்தனையும் சேர்ந்து வரலாம். நிபந்தனை எழுதப்படாவிட்டாலும், நீங்கள் வென்றெடுத்தது படமும் எழுத்தும் சேர்ந்த அந்தத் தோற்றத்தை மட்டுமே. எதிரில் இருப்பவர் மயில் இல்லாமல் அந்த இரண்டு சொற்களை மட்டும் தன் டொமைனில் வைத்திருந்தால், உங்கள் சான்றிதழ் அவரை அசைக்காது. டொமைன் பெயரில் படம் கிடையாது, எழுத்து மட்டும்தான் இருக்கிறது. ஆகவே டொமைனைக் காக்க நினைப்பவருக்கு வேண்டியது சொற்குறி, அதாவது படமில்லாமல் சொல்லை மட்டும் பதியும் குறி.

எனவே நீங்கள் என்னிடம் நேரில் வந்திருந்தால் நான் சொல்லியிருக்கக்கூடியது: இருக்கும் டொமைனை விடாமல் வைத்திருங்கள், வாடிக்கையாளர் அந்த வழியாகவே வரட்டும், ஆனால் சாரியின் விளிம்பில் தைக்கும் லேபலுக்கும் பைக்கும் பற்றுச்சீட்டுக்கும் உங்களுக்கே உரிய, சாரியையோ ஊரையோ விவரிக்காத ஒரு பெயரைத் தெரிந்தெடுங்கள். வீட்டுப் பெயராக இருக்கலாம், புனைந்த சொல்லாக இருக்கலாம், சாரியுடன் எந்தத் தொடர்பும் இல்லாத தமிழ்ச் சொல்லாக இருக்கலாம். அந்தப் பெயரின் டொட் கொம், டொட் எல்கே இரண்டையும் விண்ணப்பத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். விண்ணப்பித்த பின்னர் வாங்கலாம் என்று காத்திருப்பதில் எந்த இலாபமும் இல்லை. 2010 முதல் டொட் இலங்கை என்ற தமிழ் முகவரியும் நடைமுறையில் உள்ளது. தமிழில் எழுதிய பெயர் உங்களுக்கு முக்கியமென்றால் அதையும் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. மருதமுனை என்ற பெயரைத் தனி ஒருவர் பதிவு செய்ய முடியாது என்பதால் அதற்குக் காவலே இல்லை என்று பொருளல்ல. ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் பயன்படுத்தும் கூட்டுக் குறி, பொருளின் தரத்தையோ தன்மையையோ உறுதிப்படுத்தும் சான்றுறுதிக் குறி என்ற இரண்டு வகைகளைச் சட்டம் தனியாக வைத்திருக்கிறது. நெசவாளர் சங்கமொன்று விதிமுறைகளை எழுதி, அவற்றுக்கு உட்பட்டு நெய்பவர்கள் மட்டும் பயன்படுத்தும் கூட்டுக் குறிக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு பொருளின் பெயரை அது உருவாகும் இடத்தோடு சேர்த்துக் காக்கும் புவியியல் குறியீடு என்ற வழியும் இருக்கிறது. இலங்கைக் கறுவா 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பாதுகாப்பைப் பெற்றது. இயந்திரத்தறியில் நெய்த துணி மருதமுனைக் கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதுதான் உங்கள் உண்மையான கவலை என்றால், தனி விண்ணப்பத்தை விட அந்தக் கூட்டு முயற்சிதான் பொருத்தமான மருந்து.

விண்ணப்ப நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொருட்களும் சேவைகளும் நைஸ் என்ற சர்வதேச வகைப்படுத்தலின்படி 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் 34 பொருட்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. துணி 24 ஆம் வகுப்பில் வரும், சாரி உள்ளிட்ட உடைகள் 25 இல், மற்றவர்களின் சரக்கையும் எடுத்து விற்கும் கடைச் சேவை 35 இல். கட்டணம் வகுப்புக்கு வகுப்பு கட்ட வேண்டியிருப்பதால், உங்களுக்கு முதலில் 25, பணம் அனுமதித்தால் 24, இணையக் கடை வளர்ந்த பின் 35 என்ற வரிசையைச் சொல்வேன். கட்டணம் வர்த்தமானி மூலம் மாற்றப்படுவதால், பழைய பதிவுகளில் பார்க்கும் தொகையை நம்பாமல் அலுவலகத்திடமே கேளுங்கள். விண்ணப்பத்துக்கு முன் அலுவலகப் பதிவேட்டில் ஒரு தேடுதல் செய்வது கட்டாயமல்ல. ஆனால் அந்தச் சிறு செலவைத் தவிர்ப்பவர்கள் பின்னர் முழுக் கட்டணத்தையும் இழப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பரிசோதனையில் தேறிய குறி வர்த்தமானியில் வெளியிடப்படும். அதிலிருந்து 3 மாதத்துக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை இல்லையென்றால் பதிவு. அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். ஐந்து ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால் நீக்கக் கோரி எவரேனும் வரலாம். மொத்தக் காலத்தை மாதங்களில் அல்ல, ஆண்டுகளில் எண்ணிக்கொள்ளுங்கள். பதிவு முடியும் வரை வட்டத்துக்குள் ஆர் எழுத்துள்ள அடையாளத்தைப் பெயரின் அருகில் இடாதீர்கள். பதியாத குறியைப் பதிந்ததாகக் காட்டுவது தவறு.

இனி டொட் எல்கேயில் இருப்பவர். இங்கேதான் உறுதி குறைகிறது. உங்களுக்குச் சாதகமாக இருப்பது காலம்: நீங்கள் 2021, அவர் சென்ற ஆண்டு. சட்டத்தின் 160 ஆம் பிரிவு நேர்மையற்ற போட்டியைத் தடுக்கிறது; இன்னொருவரின் நிறுவனத்துடனோ பொருளுடனோ குழப்பத்தை உண்டாக்கும் செயலை, அந்தப் பெயர் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அது உள்ளடக்குகிறது. டொமைன் பெயரும் வியாபார அடையாளமாக இயங்கக்கூடும், அதைத் திருடுவது பிறர் நற்பெயரில் வியாபாரம் செய்வதற்குச் சமம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2004 இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு முன்பே, 1998 இல், பெரிய நிறுவனங்களின் பெயர்களை மொத்தமாக வாங்கி வைத்தவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை, ஆனால் வாதத்தில் எடுத்துச் சொல்லத் தக்கவை. உங்களுக்குப் பாதகமாக இருப்பது, மேலே நீண்டு சொன்ன அதே குறை: அவரும் மருதமுனைச் சாரியைத்தான் விற்கிறார் என்றால், தன் சரக்கை உள்ளபடி விவரித்ததாகச் சொல்வார். அப்போது உங்கள் வழக்கு, அந்த இரண்டு சொற்களைக் கேட்டவுடன் மக்கள் ஊரையல்ல, உங்கள் கடையை நினைக்கிறார்கள் என்று நிரூபிப்பதில் தங்கும். அவருடைய தளத்தில் உங்கள் புகைப்படங்கள், உங்கள் விளம்பர வாசகங்கள், உங்கள் பக்கத்தின் அமைப்பு ஆகியவை பிரதி செய்யப்பட்டிருந்தால் நிலைமை முற்றாக மாறும். அது பதிப்புரிமை மீறலும் ஆகும், நேர்மையீனத்துக்குச் சாட்சியும் ஆகும்.

இந்த வகை வழக்கு கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. மருதமுனையிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் போய்வரும் செலவையும் சட்டத்தரணி கட்டணத்தையும் அந்த டொமைனின் பெறுமதியுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவெடுங்கள். அதற்கு முன்னால் செய்யக்கூடியவை உள்ளன. டொட் எல்கே பெயர்களை நிர்வகிப்பது எல்கே டொமைன் பதிவகம். பதிவு நிபந்தனைகளைப் படித்து, உங்கள் முறைப்பாட்டை ஆவணங்களுடன் எழுத்தில் அனுப்புங்கள். எதிர்த்தரப்புக்கும் அளவான மொழியில் ஒரு கடிதம் அனுப்பலாம். அதற்கு வரும் பதிலில், இவ்வளவு தந்தால் பெயரைத் தருகிறேன் என்று அவர் எழுதினால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏனென்றால் அப்படிப்பட்ட பேரம்தான் சர்வதேச டொமைன் தகராறுகளில் கெட்ட எண்ணத்துக்கு முதல் அடையாளம். டொட் கொம் போன்ற பெயர்களுக்கு, டொமைன் பெயர் முறையை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் நிறுவனம் 1999 இல் ஒரே சீரான தகராறுத் தீர்வுக் கொள்கையொன்றைக் கொண்டுவந்தது. அதன்படி உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தின் நடுவர் மையத்துக்கு வந்த முதல் வழக்கில், ஒரு மல்யுத்த நிறுவனத்தின் பெயரைப் பதிந்தவர் சில நாட்களிலேயே அதை அந்த நிறுவனத்துக்கே விற்க முன்வந்திருந்தார். 2000 ஜனவரியில் பெயர் நிறுவனத்துக்குக் கிடைத்தது. இங்கே முறைப்பாட்டாளர் நிரூபிக்க வேண்டியவை: தனக்கு வியாபாரக் குறி உரிமை உண்டு, டொமைன் அதைக் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிறது; எதிரிக்கு அந்தப் பெயரில் நியாயமான அக்கறை இல்லை; அவர் கெட்ட எண்ணத்துடன் பதிந்தும் பயன்படுத்தியும் இருக்கிறார். ஒரு டொமைன் முதல் ஐந்து வரை, தனி நடுவர் ஒருவர் முன்னிலையில், கட்டணம் 1,500 அமெரிக்க டொலர்.

இதைச் சொல்லக் காரணம், பலர் மனதில் உள்ள ஒரு நம்பிக்கை: எவரோ பத்து வருடத்துக்கு முன் பதிந்து வைத்திருக்கும் டொமைனை, நாம் இன்று வியாபாரக் குறி எடுத்து நாளை பறிக்கலாம் என்பது. முடியாது. குறி பிறப்பதற்கு முன்பே பதியப்பட்ட டொமைன், அந்தக் குறியைக் குறிவைத்துக் கெட்ட எண்ணத்துடன் பதியப்பட்டதாகச் சாதாரணமாக ஏற்க மாட்டார்கள். நிலுவையில் உள்ள விண்ணப்பம் மட்டும் அங்கே உரிமையாகவும் எண்ணப்படாது. அப்படிப் பறிக்க முயன்றால் நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்தவர் என்று தீர்ப்பிலேயே எழுதப்படும் வாய்ப்பும் உண்டு. இதே விதி உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது: நாளை வேறொருவர் ஒத்த குறியொன்றைப் பதிந்தாலும், 2021 முதல் நேர்மையாகப் பயன்படுத்தி வரும் உங்கள் டொட் கொம்மை அந்த மன்றத்தின் மூலம் எடுப்பது அவருக்கு எளிதல்ல.

சட்டத்தை விட்டு, இன்றைக்கே பார்க்க வேண்டியது ஒன்று. உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது? நம் பகுதியில் இணையத்தளம் செய்து கொடுப்பவரே தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் டொமைனை வாங்கிக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. அப்படியென்றால் பதிவேட்டில் உரிமையாளர் அவர்தான். அவர் வெளிநாடு போனாலோ மனக்கசப்பு வந்தாலோ எந்த வியாபாரக் குறியும் உடனே உதவாது. பதிவேட்டிலுள்ள உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றி, கணக்கின் கடவுச்சொல்லையும் கையில் எடுத்து, சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்து விடுங்கள். டொட் கொம் காலாவதியானால் பொதுவாகச் சலுகைக் காலம் ஒன்றும், அதன்பின் கூடிய கட்டணத்துடன் மீட்க 30 நாளும் கிடைக்கும். அதுவும் கடந்தால் பெயர் சந்தைக்குப் போய்விடும். இன்னொருவர் சீனாவில் உங்கள் பெயரைப் பதியப் போகிறார், உடனே பணம் கட்டித் தடுத்துக்கொள்ளுங்கள் என்று வரும் மின்னஞ்சல்களையும், குறி வெளியிடப்பட்ட பின் அரச கட்டணம் போலத் தோன்றும் பட்டியல்களையும் பார்த்துப் பதறாதீர்கள். இவை நெடுங்காலமாகச் சுற்றும் ஏமாற்று வேலைகள்.

நான் சொன்னதில் 103 ஆம் பிரிவின் தடை, பதிவின் காலம், டொமைனுக்கும் குறிக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றில் இன்னொரு சட்டத்தரணியிடம் போனாலும் வேறு பதில் வராது. 160 ஆம் பிரிவின் கீழ் நீங்கள் வெல்வீர்களா என்பதில் வரலாம். உங்கள் ஆவணங்களையும் எதிர்த்தரப்பின் தளத்தையும் பார்க்காமல் எவரேனும் நிச்சயம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஆலோசனைக்குப் போகும்போது, 2021 முதலான பற்றுச்சீட்டுகள், கூரியர் ரசீதுகள், முகநூல் விளம்பரத்துக்குப் பணம் கட்டிய பதிவுகள், தவறுதலாக மற்றவரிடம் வாங்கிவிட்டு உங்களிடம் முறையிட்ட வாடிக்கையாளரின் செய்திகள், திகதி தெரியும்படி எடுத்த எதிர்த்தரப்புத் தளத்தின் திரைப்பிரதிகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். இவற்றில் வாடிக்கையாளர் செய்திகள்தான் மிகக் கனமானவை, ஏனெனில் குழப்பம் நடந்தது என்பதை நீங்கள் அல்ல, குழம்பியவரே சொல்கிறார். அவற்றை அழிக்காமல், அனுப்பியவரின் விபரம் தெரியும் முழு வடிவில் இன்றே வேறொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்.